ரத்த வளர்சிதைப்பொருள்களின் மரபியல்: என்எம்ஆர், இலக்குக் கிட், இலக்கில்லா மாஸ் ஸ்பெக், வெளியான தரவு – எதை எப்போது தேர்ந்தெடுப்பது?

ஃப்ரீஸரில் சில ஆயிரம் பேரின் பிளாஸ்மா இருக்கிறது. அவர்களின் டிஎன்ஏ ஜீனோடைப்பிங் சிப்பில் ஓடி முடிந்துவிட்டது. ரத்தத்தில் உள்ள அமினோ அமிலங்கள், கொழுப்புகள், கார்னிட்டின்கள், பித்த அமிலங்கள் ஆகியவற்றின் அளவை எந்த மரபணு மாறுபாடு ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று பார்க்க வேண்டும். பணமோ ஒரே ஒரு அளவீட்டு முறைக்குத்தான் போதும். இந்த இடத்தில் ஒரு குழுவின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன: புரோட்டான் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன் தரும் சமிக்ஞையை அளப்பது), இலக்கு வைத்த மாஸ் ஸ்பெக் கிட் (மூலக்கூறுகளை எடையால் பிரித்து, முன்பே குறித்த பட்டியலை மட்டும் அளப்பது), இலக்கில்லா மாஸ் ஸ்பெக் (பட்டியல் போடாமல் கிடைப்பதையெல்லாம் அளப்பது), அல்லது எதையும் அளக்காமல் மற்றவர்கள் வெளியிட்ட முடிவுக் கோப்புகளை இறக்கிப் பயன்படுத்துவது.

எத்தனை பொருள்களை அளக்கலாம் என்ற எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பது எளிது. ஆனால் அது தவறான தொடக்கம். தேடும் விளைவு எவ்வளவு பெரியது, அதைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும், ரத்தம் எப்படி எடுத்து வைக்கப்பட்டது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் முறை பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் விளைவின் அளவு

2008இல் ஜெர்மனியின் கோரா ஆய்விலிருந்து வந்த முன்னோடி முயற்சியில் இருந்தவர்கள் 284 ஆண்கள் மட்டுமே. அவர்களின் சீரத்தில் (ரத்தம் கட்டிய பின் பிரித்தெடுக்கும் நீர்மம்) 363 பொருள்கள் அளக்கப்பட்டன. நீரிழிவுக்கோ மாரடைப்புக்கோ மரபணுத்தொகுப்பு முழுவதையும் சலிக்கும் ஆய்வை 284 பேரை வைத்துச் செய்தால் ஒன்றும் தேறாது. இங்கே தேறியது. தனிப் பொருள்களில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 12 சதவீதம் வரையும், இரண்டு பொருள்களின் விகிதத்தை எடுத்தால் 28 சதவீதம் வரையும் ஒரே மாறுபாடு விளக்கியது.

ஏன் அப்படி என்பதில்தான் இந்தத் துறையின் சாரமே இருக்கிறது. ஃபேட்ஸ்1 என்ற மரபணு டெல்டா-5 டிசாச்சுரேஸ் என்னும் நொதியைத் தருகிறது. 20 கார்பனும் 3 இரட்டைப் பிணைப்பும் கொண்ட கொழுப்பமிலத்தில் நான்காவது இரட்டைப் பிணைப்பைப் போட்டு அராக்கிடோனிக் அமிலமாக்குவது அதன் வேலை. நொதி மந்தமாக இயங்கும் அல்லீலை, அதாவது அந்த மரபணுவின் வடிவத்தை, சுமப்பவரிடம் முன்பொருள் தேங்குகிறது, விளைபொருள் குறைகிறது. இரண்டையும் வகுத்தால் உணவு, உடல் எடை, ரத்தத்தின் மொத்தக் கொழுப்பு போன்ற பொதுக் காரணிகள் மேலும் கீழும் சேர்ந்து அடிபட்டுப்போகின்றன. நொதியின் வேகம் மட்டும் எஞ்சி நிற்கிறது. ஏகேட்எம் மரபணுவும் நடுத்தரச் சங்கிலி கார்னிட்டின்களும் (கொழுப்பமிலம் ஏறிய கார்னிட்டின்கள்), ஏகேட்எஸ் மரபணுவும் 4 கார்பன் கார்னிட்டினும் இதே கதைதான். பிறந்த குழந்தைகளின் குதிகால் ரத்தத்தில் 8 கார்பன் கார்னிட்டினைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் எம்கேட் குறைபாடு, ஏகேட்எம் முற்றிலும் பழுதாகும் நிலை. அதே மரபணுவின் பரவலான மாறுபாடு அதே பொருளை நலமான பெரியவர்களிடம் கொஞ்சமாக அசைக்கிறது.

எத்தனை பேர் வேண்டும் என்பதை நேராகவே கணக்கிடலாம். ஒரு மாறுபாடு விளக்கும் பங்கு என்பது 2 × அல்லீலின் நிகழ்வெண் × (1 − நிகழ்வெண்) × விளைவின் வர்க்கம்; நிகழ்வெண் என்பது மக்களிடம் அந்த அல்லீல் இருக்கும் விகிதம், விளைவை நியமவிலக்க அலகில் (ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டின் வழக்கமான அளவு) எடுக்க வேண்டும். 500 பொருள்களைச் சோதித்தால், தற்செயலான முடிவுகளை ஒதுக்குவதற்கு வைக்கும் வழக்கமான 5×10⁻⁸ பி மதிப்பு வரம்பை 500ஆல் வகுத்து 10⁻¹⁰ என்று வைப்போம். இந்த வரம்பில் 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, 10 சதவீதம் விளக்கும் மாறுபாட்டுக்கு சுமார் 480 பேர் போதும். 1 சதவீதம் விளக்குவதற்கு 5,300 பேர். 0.1 சதவீதத்துக்கு 53,000 பேர். இன்னொரு விதமாகச் சொன்னால், 30 சதவீத நிகழ்வெண்ணும் 0.3 நியமவிலக்க விளைவும் உள்ள மாறுபாட்டுக்கு 1,400 பேருக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். அதே விளைவு 5 சதவீத நிகழ்வெண்ணில் இருந்தால் 6,200 பேர் வேண்டும்.

நொதிக்கு அடுத்த படியில் இருக்கும் பொருளில் விளைவு பெரிதாக இருக்கும். பத்து படி தள்ளி, பல உறுப்புகளின் கூட்டு வேலையாக இருக்கும் எல்டிஎல் துகள் எண்ணிக்கை போன்றவற்றில் ஒவ்வொரு மாறுபாட்டின் பங்கும் சிறிது. 2011இல் கோராவும் இங்கிலாந்தின் இரட்டையர் ஆய்வான ட்வின்ஸ்யூகேவும் சேர்ந்து 2,820 பேரில் 37 மரபிடங்களை, அதாவது பொருள்களின் அளவோடு தொடர்புள்ள இடங்களை, கண்டன. அவற்றில் 25 இடங்களில் அல்லீலின் ஒவ்வொரு பிரதிக்கும் பொருளின் அளவு 10 முதல் 60 சதவீதம் வரை மாறியது. 2014இல் 7,824 பேரில் 145 இடங்கள். என்எம்ஆர் வழியில் 400க்கு மேற்பட்ட இடங்களை எட்டுவதற்கு 33 கோஹார்ட்களின் (ஆய்வுக் கூட்டங்களின்) 1,36,016 பேர் தேவைப்பட்டார்கள். அது 2024இல் வந்தது. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்த முறை எந்தக் கூட்டத்துக்கு என்பது புரியத் தொடங்கும்.

என்எம்ஆர்: ஆள் அதிகம், கேள்வி கொழுப்புத் துகள்கள்

ரத்த ஆய்வுகளில் இன்று பெரும்பாலும் ஓடுவது நைட்டிங்கேல் நிறுவனத்தின் முறை. ஒரு மாதிரிக்குச் சுமார் 250 அளவுகள் கிடைக்கும். பிரிட்டனின் பெரிய உடல்நலத் தரவுத்தொகுப்பான யூகே பயோபேங்க் 2021இல் சுமார் 1,18,000 பேருக்கு வெளியிட்ட முதல் தொகுப்பில் 249 அளவுகள் இருந்தன. 168 நேரடி அளவுகள், 81 அவற்றிலிருந்து எடுத்த விகிதங்கள். இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். இதில் மிகப் பெரும் பங்கு கொழுப்பைச் சுமக்கும் 14 லிப்போபுரோட்டீன் துகள் வகைகளின் உள்ளடக்கம்; ஒவ்வொன்றிலும் கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு, பாஸ்போலிப்பிட் என்று பிரித்துக் கொடுக்கிறார்கள். அவை ஒன்றோடொன்று கடுமையாகப் பின்னிப் பிணைந்தவை. மீதியில் சில கொழுப்பமிலங்கள், ஒன்பது அமினோ அமிலங்கள், குளுக்கோஸ், லாக்டேட், சிட்ரேட், கீட்டோன்கள், கிரியாட்டினின், அல்புமின், அழற்சியைக் காட்டும் கிளைக்ஏ.

இதன் பலம் மூன்று. எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் என்ற முழு அலகில் வருவதால் வெவ்வேறு கோஹார்ட்களை நேரடியாகச் சேர்க்கலாம். மாதிரி அழிவதில்லை. பேட்ச் வேறுபாடு, அதாவது ஒரே தடவையில் ஓடும் மாதிரித் தொகுதிகளுக்கு இடையே கருவியால் வரும் வேறுபாடு, மாஸ் ஸ்பெக்கை விடக் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. யூகே பயோபேங்க் தரவிலேயே எந்த ஸ்பெக்ட்ரோமீட்டர், பிளேட்டில் எந்தக் குழி, மாதிரியைத் தயாரித்ததற்கும் அளந்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகியவற்றின் தடம் தெரிகிறது. அதை நீக்குவதற்கென்றே யூகேபிஎன்எம்ஆர் என்ற ஆர் மென்பொருள் தொகுப்பு எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் சொந்த மாதிரிகளுக்கும் இந்த மூன்று விவரங்களையும் ஆய்வகத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்; பின்னால் கேட்டால் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

பலவீனம், உணர்திறன். மைக்ரோமோலருக்குக் கீழே கிடக்கும் பொருள்கள் என்எம்ஆருக்குத் தெரியாது. கார்னிட்டின், பித்த அமிலம், ஸ்டீராய்டு, மருந்துச் சிதைவுப் பொருள் எதுவும் இல்லை. அதாவது ஒரே மரபணு பெரிய விளைவு தரும் பொருள்களில் பெரும்பாலானவை இந்தப் பட்டியலுக்கு வெளியே. ஒரு நல்ல விதிவிலக்கு கிளைசின்: யூரியா சுழற்சியின் முதல் படியில் இருக்கும் சிபிஎஸ்1 மரபணுவின் பரவலான மாறுபாடு கிளைசின் அளவை வலுவாக மாற்றுகிறது, பெண்களில் இன்னும் கூடுதலாக. அது என்எம்ஆரிலும் தெளிவாகத் தெரியும்.

மூவாயிரம் பேருக்கு என்எம்ஆர் எடுப்பது புதிய மரபிடம் தேட உதவாது என்பது என் உறுதியான கருத்து. இந்த அளவுகளில் இன்னும் மிஞ்சியிருப்பவை 0.1 சதவீதப் பங்குக்காரர்கள். அவற்றை லட்சக்கணக்கானோரை வைத்துத்தான் தேட முடியும். உங்கள் மூவாயிரம் பேர் ஒரு பெரிய கூட்டுப் பகுப்பாய்வில் சேரப்போகிறார்கள் என்றால் மட்டும் அது நல்ல செலவு.

இலக்கு வைத்த கிட்: அலகு உண்டு, ஆனால் பெயர்களைக் கவனியுங்கள்

பயோகிரேட்ஸ் கிட்கள் இந்த வகையின் முகம். பி150இல் 163 பொருள்கள், பி180இல் 188. எம்எக்ஸ்பி குவான்ட் 500இல் 630 வரை. 10 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா போதும். பழைய மாதிரிகளில் கொஞ்சமே மிஞ்சியிருக்கும் கோஹார்ட்களுக்கு இது பெரிய ஆறுதல். 96 குழிப் பிளேட்டில் அளவுத்திருத்தக் கரைசல்கள், வெற்று மாதிரிகள், தரக்கட்டுப்பாடு எல்லாம் போக சுமார் 80 குழிகள்தான் ஆட்களுக்கு மிஞ்சும். பட்ஜெட் போடும்போது 96 என்று வகுத்துவிட்டு இறுதியில் ஐந்தாறு பிளேட் பற்றாக்குறையோடு நிற்கும் நிலை வரக்கூடாது.

கொழுப்புகளையும் கார்னிட்டின்களையும் இந்தக் கிட்களில் பொதுவாகப் பிரிப்புக் குழாய் இல்லாமல் நேரே கருவிக்குள் செலுத்தி அளக்கிறார்கள். ஆகவே கிடைப்பது கூட்டு எடை. பாஸ்ஃபடிடைல்கோலின் 36:4 என்றால் இரண்டு கொழுப்பமிலங்களிலும் சேர்த்து 36 கார்பன், 4 இரட்டைப் பிணைப்பு. அது 16:0வும் 20:4உம் சேர்ந்ததாக இருக்கலாம். 18:2 இரண்டு சேர்ந்ததாகவும் இருக்கலாம். முதலாவது ஃபேட்ஸ்1இன் விளைபொருள், இரண்டாவது சமையல் எண்ணெயிலிருந்து வந்த லினோலெயிக். 4 கார்பன் கார்னிட்டின் என்ற வரியில் பியூட்டைரிலும் ஐசோபியூட்டைரிலும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. முதலாவது ஏகேட்எஸ் வழி, இரண்டாவது வேலின் சிதைவு வழி, வேறு நொதி. பி150இல் லியூசினும் ஐசோலியூசினும் ஒரே வரி. மரபணுச் சமிக்ஞை வந்தபின் அதை விளக்கும்போது இந்த விவரம் தெரியாவிட்டால் தவறான நொதியின் பெயரை எழுதிவிடுவோம்.

முழு அலகு, நன்கு பழகிய பட்டியல், மற்ற கோஹார்ட்களோடு நேரடி ஒப்பீடு ஆகிய காரணங்களால் ஆயிரம் முதல் ஐயாயிரம் பேர் கொண்ட குழுவுக்கு, அதுவும் முன்பே தெரிந்த மரபிடங்களைத் தங்கள் மக்கள்தொகையில் சரிபார்க்க விரும்பும் குழுவுக்கு, நான் முதலில் சொல்வது கிட்தான். 2021இல் வெவ்வேறு முறைகளில் அளந்த 174 பொருள்களை ஒன்றுசேர்த்து அதிகபட்சம் 86,507 பேர் வரை கொண்டுபோன ஆய்வு, இலக்குப் பட்டியல் சின்னதாக இருந்தாலும் ஒத்துப்போகும் பெயர்கள் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதைக் காட்டியது.

இலக்கில்லா மாஸ் ஸ்பெக்: வளம் இங்கேதான், சிக்கலும் இங்கேதான்

மெட்டாபொலான் போன்ற ஆய்வகங்கள் சுமார் 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவை நான்கு தனித்தனி திரவ குரோமடோகிராஃபி ஓட்டங்களில் செலுத்தி ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களைத் தருகின்றன. ஒரே மரபணு, ஒரே பொருள், பெரிய விளைவு என்ற வகை முடிவுகள் குவிந்து கிடப்பது இங்கே. நேட்8 மரபணுவும் அசிட்டைல் ஏறிய அமினோ அமிலங்களும். நேட்2 மரபணுவும் காஃபின் சிதைவுப் பொருள்களும். யுஜிடி1ஏ1 மரபணுவும் பிலிருபினும். டிஎம்ஜிடிஹெச் மரபணுவும் டைமெத்தில்கிளைசினும். எஸ்எல்சிஓ1பி1 மரபணுவின் 174ஆவது இடத்தில் வேலின் அலனினாக மாறும் ஆர்எஸ்4149056 மாறுபாடு, கல்லீரலுக்குள் பொருள்களை இழுக்கும் வாயிலை மந்தமாக்கி, ரத்தத்தில் பித்த அமிலங்கள் உள்ளிட்ட பலவற்றை ஏற்றுகிறது. இதே மாறுபாட்டைச் சுமப்பவர்கள் கொலஸ்ட்ரால் மருந்தான சிம்வாஸ்டாட்டினை 80 மில்லிகிராம் எடுத்தால் தசைநோய் ஆபத்து ஒவ்வொரு பிரதிக்கும் நாலரை மடங்கு என்று 2008இல் வந்த சர்ச் ஆய்வு காட்டியது. ரத்தப் பொருளில் காணும் ஒரு சின்ன ஏற்றம், மருந்துச் சீட்டில் என்ன எழுதக்கூடாது என்பது வரை நீளும் பாதை இது. இந்தத் துறைக்கு உழைப்பைக் கொடுக்கத் தகுதி உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

பெயர் தெரியாத பொருள்களும் வரும்; எக்ஸ் என்ற எழுத்தும் ஓர் எண்ணுமாகப் பட்டியலில் இருக்கும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். காம்ட் என்ற மெத்தில் ஏற்றும் நொதியின் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஓர் அடையாளமற்ற பொருள், பின்னர் மெத்தில் ஏறிய அஸ்கார்பேட் என்று தெரியவந்தது. எந்த நொதி என்று மரபணு சொல்லிவிட்டால் வேதியியலாளர் தேட வேண்டிய இடம் சுருங்குகிறது.

இனி சிக்கல்கள். வரும் எண்களுக்கு அலகு இல்லை, ஒப்பீட்டு அளவுதான். ஓட்ட நாள் ஒவ்வொன்றிலும் அந்தப் பொருளின் நடுமதிப்பை 1 என்று வைத்து மற்றவற்றை அதற்கேற்பச் சரிக்கட்டுவது வழக்கம். மாதிரிகள் எழுந்தமானமாகக் கலக்கப்பட்டிருந்தால் இது நல்ல முறை. ஒரு கிராமத்து மாதிரிகள் எல்லாம் திங்கட்கிழமையும், நகரத்து மாதிரிகள் எல்லாம் செவ்வாய்க்கிழமையும் ஓடியிருந்தால், இரண்டு ஊருக்கும் இடையே உண்மையில் இருந்த வேறுபாட்டை இந்தச் சரிக்கட்டல் துடைத்து எடுத்துவிடும். பிறகு எந்தப் புள்ளியியலாலும் அதை மீட்க முடியாது. ஆகவே பிளேட் வரைபடத்தை நீங்களே தயாரித்து அனுப்புங்கள்: வயது, பால், ஊர், மாதிரி எடுத்த ஆண்டு ஆகியவை ஒவ்வொரு பிளேட்டிலும் ஒரே விகிதத்தில் கலந்திருக்கட்டும். எல்லா ஆட்களின் பிளாஸ்மாவிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்த பொது மாதிரியைப் பத்து மாதிரிக்கு ஒன்று வீதம் இடையிடையே ஓட்டச் சொல்லுங்கள். அந்தப் பொது மாதிரியில் 25 சதவீதத்துக்கு மேல் ஆடும் பொருள்களை மரபணுப் பகுப்பாய்வுக்கு முன்பே ஒதுக்கிவிடலாம்.

விடுபட்ட மதிப்புகள் இன்னொரு பொறி. உடலில் இயல்பாக உருவாகும் பொருள் காணவில்லை என்றால் அது கருவியின் எல்லைக்குக் கீழே இருக்கிறது என்று கொண்டு, கண்ட குறைந்தபட்ச மதிப்பைப் போட்டு நிரப்பலாம். பாராசிட்டமால் சிதைவுப் பொருள் காணவில்லை என்றால் அந்த ஆள் மாத்திரை போடவில்லை, அவ்வளவுதான். அவருக்குக் குறைந்தபட்ச மதிப்பைக் கொடுத்தால், மாத்திரை போடாதவரை, மருந்தைச் சிதைக்கும் நொதி மந்தமாக இயங்குபவராக எண்ணிக்கொள்வோம். காஃபின், நிகோட்டின், மருந்துகள் ஆகியவற்றின் வழிப்பொருள்களை உட்கொண்டவர்களிடம் மட்டும், முன்பொருளோடு விகிதமாக எடுத்துப் பார்ப்பதே சரி.

அளக்காமலே செய்வது

மரபணுத்தொகுப்பு முழுவதையும் சலிக்கும் ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துவைக்கும் ஜிவாஸ் கேட்டலாக் தளத்தில் இன்று ஆயிரக்கணக்கான ரத்தப் பொருள்களுக்கான முழு முடிவுக் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2023இல் கனடாவின் சிஎல்எஸ்ஏ கோஹார்ட்டிலிருந்து 8,299 பேரில் 1,091 பொருள்களுக்கும் 309 விகிதங்களுக்கும் வெளியானவை அவற்றில் நல்ல தொகுப்பு. ஒரு பொருள் ஒரு நோய்க்குக் காரணமா என்று மெண்டலிய எழுந்தமானமாக்கல் முறையில் (பொருளை அசைக்கும் மாறுபாட்டைக் கருவியாக வைத்து, அது நோயையும் அசைக்கிறதா என்று பார்க்கும் முறை) கேட்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், உங்கள் ஃப்ரீஸரைத் திறக்கவே வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஜிசிகேஆர், ஃபேட்ஸ், ஏபிஓஇ போன்ற இடங்கள் டஜன் கணக்கான பொருள்களை ஒரே நேரத்தில் அசைப்பவை. டிரைகிளிசரைடு, குளுக்கோஸ், லாக்டேட், அமினோ அமிலங்கள் எல்லாவற்றையும் தொடும் ஜிசிகேஆரை ஒரு தனிப் பொருளின் கருவியாக வைத்து வரும் முடிவை நம்ப முடியாது. அந்த இடங்களை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முடிவு காணாமல் போனால் அது அந்தப் பொருளின் முடிவல்ல.

இரண்டாவது, இந்தக் கோப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. தெற்காசியருக்கு ஃபேட்ஸ் பகுதியில் அல்லீல்களின் நிகழ்வெண் வேறு. கொழுப்பமிலத்தை வேகமாக நீட்டும் வகை இங்கே கூடுதல். புனேயில் எடுத்த மாதிரியில் இப்பகுதியின் ஒரு செருகல் வகையை இரண்டு பிரதியாகக் கொண்டவர்கள் 68 சதவீதம். அமெரிக்க மாதிரியில் 18 சதவீதம் மட்டுமே. பாகிஸ்தானின் ப்ராமிஸ் ஆய்விலிருந்து 5,000க்கு மேற்பட்டோரின் கொழுப்புப் பொருள்களுக்கு 2021இல் வந்த முடிவுகள் இருப்பதால் தெற்காசியத் தரவே இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்தடுத்த மாறுபாடுகள் எப்படிச் சேர்ந்து கடத்தப்படுகின்றன என்பதற்கான ஒப்புநோக்குத் தொகுப்பும் பொருந்த வேண்டும். பல நாட்டு மக்களின் டிஎன்ஏவை வரிசையாக்கிய 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் தெற்காசியர் 489 பேர். அவர்களில் 102 பேர் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள், 102 பேர் அங்கே வாழும் தெலுங்கர்கள். தமிழ் மக்களிடம் எடுத்த மாதிரிகளுக்கு இவர்களைத் தவிர்த்து ஐரோப்பியத் தொகுப்பை வைத்து நுண்வரைபடம் போட்டால் (ஒரு மரபிடத்துக்குள் எந்த மாறுபாடு காரணம் என்று குறுக்கிப் பார்த்தால்), காரணமான மாறுபாடு என்று தவறான ஒன்றைச் சுட்டிக்காட்டும்.

கருவிக்கு முன் குழாய்

மேலே உள்ள நான்கில் எதை எடுத்தாலும், ரத்தம் எடுத்து முதல் இரண்டு மணி நேரத்தில் நடந்தது கருவியின் துல்லியத்தைவிடப் பெரிது. பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்த ரத்தத்தில் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், லாக்டேட் ஏறும். சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கும் ஆர்ஜினேஸ், ஆர்ஜினினை ஆர்னிதினாக்கும். ரத்தத்தைக் கட்டவிட்டு எடுக்கும் சீரத்தில் தட்டணுக்களிலிருந்து செரடோனினும் சில கொழுப்புகளும் வெளியே கொட்டும். சீரத்தில் பல பொருள்களின் செறிவு சற்றுக் கூடுதல், பிளாஸ்மாவில் அளவீடு திரும்பத் திரும்ப ஒத்துவருவது மேல். இரண்டும் பயனுள்ளவையே, ஒரே ஆய்வில் இரண்டையும் கலப்பதுதான் கேடு.

குழாயின் வேதியியலும் முடிவுக்குள் நுழையும். ஏசிஇ நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். பிளாஸ்மாவுக்காக ரத்தம் கட்டாமலிருக்கக் குழாயில் சேர்க்கும் இடிடிஏ அதைக் கவ்வி நொதியை நிறுத்திவிடும். சீரத்தில் அந்தத் தடை இல்லை. ஆகவே ஏசிஇ மரபணுவுக்கும் சிறு பெப்டைடுகளுக்கும் இடையே சீரத்தில் காணும் தொடர்பின் ஒரு பகுதி உடலுக்குள் அல்லாமல் குழாய்க்குள்ளேயே உருவாகியிருக்கலாம். சிட்ரேட் குழாயில் எடுத்த ரத்தத்தில் சிட்ரேட்டை அளக்க முடியாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் மாதிரிப் பட்டியலில் குழாய் வகை எழுதப்படாமல் போவது உண்டு.

புதிதாக மாதிரி எடுக்கும் நிலையில் இருந்தால்: இரவு உண்ணாநிலைக்குப் பின் இடிடிஏ குழாய், எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலத்தல், உடனே பனிக்கட்டியில், ஒரு மணி நேரத்துக்குள் 4 டிகிரியில் 2,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றுதல், மேலே உள்ளதை 250 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து −80 டிகிரி. பெரிய குழாயில் மொத்தமாக உறையவைத்து, ஒவ்வொரு ஆய்வுக்கும் உருக்கி மறுபடி உறையவைத்தால் மூன்றாவது ஆய்வுக்கு மிஞ்சுவது நம்பத்தகாத பிளாஸ்மா. எடுத்த நேரம், சுழற்றிய நேரம், உறைந்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். பின்னால் பகுப்பாய்வில் இவை நேரடியாக உள்ளே போகும். யூகே பயோபேங்கில் பெரும்பாலோர் உண்ணாநிலையில் வரவில்லை. ஆனால் அங்கே ஆள் எண்ணிக்கை அந்த இரைச்சலைத் தாங்கும். இரண்டாயிரம் பேர் தாங்க மாட்டார்கள்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு ஆய்வகத்தோடு கூட்டாகச் செய்வதென்றால் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதல் வேண்டும். உலர்பனிப் பெட்டிக்குச் சொல்வதற்கு முன் அந்தக் கோப்பைத் தொடங்குங்கள்.

பகுப்பாய்வில் முறைக்கு முறை மாறுவது

என்எம்ஆர், கிட் இரண்டிலும் முழு அலகு இருப்பதால், மடக்கை எடுத்து அலகைக் காப்பாற்றுவது ஒரு வழி. தரவரிசையை நியமப் பரவலாக மாற்றுவது இன்னொரு வழி. இரண்டாவது, வெளிவிலகிய மதிப்புகளிடமிருந்து காக்கும், ஆனால் லிட்டருக்கு எத்தனை மைக்ரோமோல் மாறியது என்ற விடையைத் தொலைத்துவிடும். இரண்டையும் ஓட்டி, பி மதிப்பை இரண்டாவதிலிருந்தும் விளைவின் அளவை முதலாவதிலிருந்தும் எடுப்பது நல்ல பழக்கம்.

வயது, பால், வம்சாவளி அச்சுகள் (ஒருவரின் மரபு மூலத்தை டிஎன்ஏவிலிருந்து கணக்கிட்டுத் தரும் எண்கள்), பேட்ச், உண்ணாநிலை நேரம் ஆகியவற்றுக்குச் சரிக்கட்டுங்கள். உடல் எடைக் குறியீட்டுக்குச் சரிக்கட்டுவதில் மட்டும் எச்சரிக்கை தேவை: அதுவும் மரபணுவால் பாதிக்கப்படும் பண்பு என்பதால், எடையை மட்டும் பாதிக்கும் மாறுபாடு பொருளோடு தொடர்புள்ளதுபோல் பொய்யாகத் தோன்றும்.

விகிதங்களை எல்லாச் சோடிகளுக்கும் ஓட்டும் ஆசை வரும். 150 பொருள்களுக்கு 11,175 விகிதங்கள், வரம்பு 4.5×10⁻¹² ஆகிவிடும். அதைத் தாண்டினாலும் போதாது. விகிதத்தின் பி மதிப்பு, இரண்டு தனிப் பொருள்களின் பி மதிப்புகளில் சிறியதைவிட எத்தனை மடங்கு மேம்பட்டது என்று பார்க்க வேண்டும். இதை பி-ஆதாயம் என்கிறோம். சோதித்த விகிதங்களின் எண்ணிக்கையைப் போல் 10 மடங்கு, அதாவது இங்கே சுமார் 1,12,000 மடங்கு ஆதாயம் இருந்தால்தான் விகிதம் புதிதாக ஏதோ சொல்கிறது. இல்லாவிட்டால் ஒரு பொருளின் சமிக்ஞை வகுத்தலில் வெறுமனே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நொதியின் முன்பொருளும் விளைபொருளும் தெரிந்த சில டஜன் விகிதங்களை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு ஓட்டுவது, சிறிய கோஹார்ட்டுக்கு எல்லா விதத்திலும் மேல்.

தமிழ்நாட்டின் இரண்டாயிரம் பேருக்கு

தாய்மாமன், அத்தை, மாமன் மக்கள் வழித் திருமணங்கள் உள்ள சமூகங்களில் எடுத்த இரண்டாயிரம் பேரின் மாதிரி என்றால் என் தேர்வு இலக்கில்லா மாஸ் ஸ்பெக், இடிடிஏ பிளாஸ்மாவில். அகமண வழக்கமும் சிறிய தொடக்கக் கூட்டமும் சேர்ந்ததால் தெற்காசியாவின் பல குழுக்களில் அரிதான மாறுபாடுகளின் நிகழ்வெண் கூடியிருக்கிறது. 2017இல் 260க்கு மேற்பட்ட குழுக்களைப் பார்த்த ஆய்வு, அவற்றில் 81 குழுக்களின் தொடக்க நெருக்கடி ஃபின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் கடுமையானது என்று கண்டது. ஐரோப்பாவில் ஆயிரத்தில் ஒருவரிடம் ஒற்றைப் பிரதியாக இருக்கும் நொதிப் பழுது இங்கே இரண்டு பிரதியாகக் கிடைக்கக்கூடும். அதன் ரத்தத் தடம் நியமவிலக்க அலகில் மூன்று நான்கு என்று நிற்கும். அதைப் பிடிக்கப் பரந்த பட்டியல் வேண்டும், லட்சம் பேர் வேண்டாம். இதற்கு வழக்கமான கூட்டல் கணக்கோடு (ஒவ்வொரு பிரதிக்கும் விளைவு கூடும் என்பது) ஒடுங்கு கணக்கையும் (இரண்டு பிரதி இருந்தால் மட்டும் விளைவு தெரியும் என்பது) ஓட்டுங்கள். உறவினர்கள் கலந்திருப்பதால் ரெஜெனி அல்லது ஃபாஸ்ட்ஜிவாஸ் போன்ற, உறவுமுறையைக் கணக்கில் எடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். உறவினரை நீக்கிவிட்டுச் செய்தால் தேடும் ஆட்களையே நீக்கிவிடுவீர்கள். சிப்பில் இத்தகைய அரிய மாறுபாடுகள் இருக்காது. பணத்தில் ஒரு பகுதியை எக்ஸோம் வரிசையாக்கத்துக்கு (புரதத்துக்கான டிஎன்ஏ பகுதிகளை முழுவதும் படிப்பதற்கு) ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள்.

எந்த முறையானாலும் தரவு வந்த அன்று செய்ய வேண்டிய முதல் சோதனை, தெரிந்த தொடர்புகள் தெரிகின்றனவா என்பது. கிட்டிலும் இலக்கில்லா முறையிலும் ஃபேட்ஸ் பகுதியையும் 20:4க்கும் 20:3க்கும் இடையேயான விகிதத்தையும் பாருங்கள். என்எம்ஆரில் சிபிஎஸ்1ஐயும் கிளைசினையும், பெண்களைத் தனியாகவும், பாருங்கள். தெற்காசியரிடம் மந்தமான ஃபேட்ஸ் அல்லீல் குறைவு என்பதால் விளக்கும் பங்கு ஐரோப்பாவைவிடச் சிறியதாக இருக்கும். ஆனாலும் ஐந்நூறு பேரிலேயே அது ஐயத்துக்கு இடமில்லாமல் வர வேண்டும். வரவில்லையென்றால் மரபணுவைக் குறை சொல்லாமல், டிஎன்ஏ குழாயின் எண்ணும் பிளாஸ்மாக் குழாயின் எண்ணும் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்று பிளேட் பிளேட்டாகச் சரிபாருங்கள். ஒரு பிளேட்டை 180 டிகிரி திருப்பி வைத்தாலே 96 பேரின் அடையாளமும் இடம் மாறிவிடும். அந்தப் பிளேட்டில் மட்டும் இந்தத் தொடர்பு பூஜ்யமாக நிற்பதைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம்.